நான் திருடிய அமாவாசை

எங்கள் பக்கத்தில் அமாவாசைக்கு இருக்கிற மரியாதை பௌர்ணமிக்குக்கூடக் கிடையாது. புது வண்டி எடுக்கிறவர் அமாவாசை பார்த்துத்தான் எடுப்பார், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார். கடைக்காரர்கள் பூசணிக்காய் சுற்றி வாசலில் உடைப்பார்கள். அன்று சாயங்காலம் தென்காசிக் கடைத்தெருவில் வழுக்காமல் நடந்து வீடு சேர்ந்தால் அதுவே பெரிய காரியம். மந்திரித்த கயிறு கட்டுவது, கண்ணேறு கழிப்பது, புதுக்கடை திறப்பது எல்லாவற்றுக்கும் 'நெறஞ்ச அமாவாசை'தான். நிலாவே இல்லாத நாளை நிறைந்த நாள் என்று சொல்கிற பெரிய மனசு எங்கள் ஊர்க்காரர்களுக்கு உண்டு.

ஆனால் அதே நாளில் ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் முகம் சுருங்கிவிடும். ஆண் என்றால் திருடுவான். பெண் என்றால் போகிற வீட்டை இருட்டாக்குவாள். நாளுக்குக் கொடுக்கிற மரியாதையில் கால்வாசியை அந்த நாளில் பிறந்தவர்களுக்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

நானும் அமாவாசையில் பிறந்தவன்தான். ஆறாம் வகுப்பில் வாத்தியாரின் பேனா காணாமல் போனபோது நாற்பது பைகள் இருந்த வகுப்பில் என் பையைத்தான் முதலில் கொட்டினார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் என் திதியை ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். பேனா கடைசியில் வருகைப் பதிவேட்டுக்குள்ளேயே இருந்தது. வாத்தியார் அதை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார். நான் தரையில் கிடந்த என் புத்தகங்களைப் பொறுக்கினேன். பள்ளிக்கூடம் முடிகிறவரைக்கும் எனக்குத் 'திருடன்' என்றுதான் பெயர்.

இப்படிப்பட்டவன் பிழைப்புக்கு ஜாதகம் அடிக்க வந்தது கிரகக் கோளாறாகத்தான் இருக்க வேண்டும். தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் சொன்னால் கம்ப்யூட்டர் கட்டம் போட்டுக் கொடுத்துவிடும். நான் அட்டை போட்டு, ஓரத்தில் மஞ்சள் தடவித் தருவேன். பலன் சொல்வதில்லை. ஆனால் பத்திருபது வருஷம் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கொஞ்சம் பிடிபட்டுவிடும்.

ஒரு தை அமாவாசை அன்று காலையில் அச்சன்புதூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். எனக்குப் பழக்கமானவர். குற்றாலத்தில் அருவிக்கரையில் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்திருந்தார். வேட்டி இன்னும் காயவில்லை. நெற்றியில் திருநீறு. கையில் மகளுடைய ஜாதகம். அந்தப் பெண் இங்கே ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், நானே பார்த்திருக்கிறேன். வருகிறவர்களெல்லாம் வலிக்கவே இல்லை என்று சொல்கிற மாதிரி ரத்தம் எடுப்பாள். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் பிள்ளையப் பாத்துப் பிடிச்சிருக்குன்னுதான் சொல்லுதாவ அண்ணாச்சி. ஜாதகத்தப் பாத்ததும் போன எடுக்க மாட்டேங்காவ. அமாவாசையாம்லா. அத மட்டும் எடுத்து விட்டுருங்க."

"இன்னைக்கே அமாவாசதான அண்ணாச்சி. அதுவும் தை அமாவாச."

"அதாம் வந்தேன். நெறஞ்ச நாளுல்லா. இன்னைக்கு மாத்துனாத்தான் வெளங்கும்."

அமாவாசையை அழிப்பதற்கு அமாவாசையிலேயே நல்ல நேரம் பார்த்து வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டு, அதே ஈரத்தோடு மகளுக்காகப் பொய் கேட்டு நிற்கிறார். பாவமாக இருந்தது.

மாற்றுவது நினைத்த அளவுக்கு லேசாக இல்லை. பிறந்த நேரத்தை இரண்டரை மணி நேரம் தள்ளிப் பார்த்தேன். திதி வளர்பிறைப் பிரதமை ஆனது, ஆனால் லக்னம் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிட்டது. ஒன்பதாம் இடத்தில் சாதுவாக இருந்த செவ்வாய் எட்டாம் இடத்துக்கு வந்து, செவ்வாய் தோஷம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, இதுக்கு அதுவே தேவலை" என்றார். கடைசியில் நேரத்தைத் தொடவில்லை. கட்டத்தையும் தொடவில்லை. அமாவாசை என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பிரதமை என்று அடித்துக் கொடுத்தேன். நல்ல காரியம் செய்த நினைப்பில் அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

சித்திரை கடைசியில் கீழப்பாவூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மகனுக்குப் பெண் பார்க்கிறார், மகன் அங்கே மின்சாமான் கடை வைத்திருக்கிறான். அவர் மேஜையில் வைத்த அச்சன்புதூர்ப் பெண்ணின் ஜாதகத்தில் நான் தடவிய மஞ்சளும், அட்டையில் என் கடைப் பெயரும் இருந்தன.

"இது நீங்க அடிச்சதுதான அண்ணாச்சி?"

"ஆமாக்கா."

அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். அதில் ஏதோ ஒரு ஜாதக ஆப். நான் மாற்றாமல் விட்ட அதே தேதி, அதே நேரம். அதற்குக் கீழே அமாவாசை என்று தெளிவாகப் போட்டிருந்தது. ஊரில் எல்லார் கையிலும் பஞ்சாங்கம் வந்துவிட்ட காலத்தில் இந்த வேலையைச் செய்த என் மூளையை எதில் சேர்ப்பது?

"அமாவாசைய நான் குத்தம் சொல்லல. எங்க கடையத் தொறந்ததே ஒரு அமாவாசையிலதான், நல்லாத்தான் ஓடுது. பிள்ளையயும் எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா மாத்துனது யாரு? பொண்ணு வீட்டுக்காரவுகன்னா இந்தச் சம்மந்தமே வேண்டாம். பொய் சொல்லுத வீட்டுல எப்பிடிப் பொண்ணு எடுக்க?"

உள்ளதைச் சொல்லியிருந்தாலே அந்தப் பெண்ணுக்கு இந்த இடம் அமைந்திருக்கும். என் இரக்கம்தான் குறுக்கே வந்து நின்றது. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இப்போது நான் சொல்லப் போகிற பதிலில் அவளுடைய கல்யாணம் இருந்தது.

"அவுகளுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. அமாவாசன்னா யாரும் எடுக்க மாட்டாவளேன்னு நானாத்தான் மாத்தி அடிச்சேன்."

"நீங்களாவா? உங்களுக்கு எதுக்கு இந்தச் சோலி?"

"நானும் அமாவாசையில பொறந்தவந்தான்."

அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். உண்மையைத் தேடி வந்தவருக்கு இன்னொரு பொய்யைக் கொடுத்திருந்தேன். பிறகு ஜெராக்ஸுக்கு நின்ற நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அப்பம் இத்தன வருசமா எத்தன பேருக்கு இப்பிடித் திருட்டு ஜாதகம் அடிச்சுக் குடுத்திருக்கிய?"

அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. கீழே கிடந்த புத்தகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அந்த அம்மா உள்ளபடி ஒரு ஜாதகம் அடிக்கச் சொன்னார். அமாவாசை என்று போட்டு அடித்துக் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் கீழப்பாவூர்க்காரர்கள் யாரும் ஜாதகத்துக்கு என் கடைப்படி ஏறவில்லை. மேலகரத்திலும் பேச்சு அடிபட்டதாக டீக்கடையில் சொன்னார்கள். என் கடை திருட்டு ஜாதகக் கடை ஆகிவிட்டது. ஜெராக்ஸ் மட்டும் ஓடியது. வருத்தமில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான்.

ஆனி மாதம் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் அந்தப் பெண்ணுக்கும் கீழப்பாவூர் மாப்பிள்ளைக்கும் கல்யாணம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா முகத்தில் விழிக்க வேண்டுமே என்று நான் போவதாக இல்லை, விவசாயி விடவில்லை. மொய் எழுதிவிட்டு நழுவப் பார்த்தவனைக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனார். நல்லவேளை, அந்த அம்மா பந்தியைக் கவனிக்கப் போயிருந்தார். மாலையும் கழுத்துமாக நின்ற பெண் குனிந்து என் காலைத் தொட்டாள். நிமிரும்போது கண் கலங்கியிருந்தது.

"அப்பா நேத்துதான் சொன்னாவ. எனக்குத் தெரிஞ்சிருந்தா மாத்தவே விட்டிருக்க மாட்டேன். என்னால உங்களுக்குத் திருடன்னு பேராயிட்டே அண்ணாச்சி."

"அது பழைய பேரும்மா. இந்தத் தடவதான் உள்ளபடியே திருடிட்டு வாங்கியிருக்கேன்."