சாந்தி மாட்டச் சொன்ன சங்கிலி

போன ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குட்டையில் ஒரு வண்டிக்கு மாலை போட்டோம். காருக்கு அல்ல, ஜீப்புக்கும் அல்ல... உரம் தூவும் வண்டிக்கு!

என் தங்கை சாந்தி வாங்கியது. புனல் மாதிரி ஒரு தொட்டி, இரண்டு சக்கரம், அடியில் ஒரு தட்டு. மினி டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுத்தால் சக்கரம் உருளும், தட்டு சுழலும், உரம் விசிறியடிக்கும். மாட்டுத் தீவனப்புல் போட்ட சரிவுக் காட்டில் கூடை சுமந்தே அவள் தோள்பட்டை போய்விட்டது. இனி உட்கார்ந்துதான் உரம் போடுவாளாம்!

"மச்சான், உங்க தங்கச்சி அடுத்து ஏரோப்ளேன் ஓட்டும் போல!" என்று சிரித்தார் அவள் கணவர் செல்வம்.

சாந்தி டிராக்டரை ரிவர்ஸில் கொண்டுவந்து இன்ஜினை அணைத்தாள். பிறகுதான் எங்களைக் கிட்டே விட்டாள்.

"வண்டி நகர்றப்ப ரெண்டுக்கும் நடுவுல ஆரும் நிக்கக்கூடாதுங்ணா."

செல்வம் இழுவைக் கம்பியைத் தூக்கிப் பொருத்தி, இரும்புப் பின்னைச் செருகினார். அது எகிறாமல் இருக்க நுனியில் ஒரு கிளிப் மாட்ட வேண்டும். பாழாய்ப்போன போன் அப்போதுதான் அடிக்க வேண்டுமா? பேசிக்கொண்டே நகர்ந்துவிட்டார். திரும்பி வந்ததும், டிராக்டரையும் வண்டியையும் சேர்த்துப் பிணைக்கும் சங்கிலியை சாந்தி நீட்டினாள்.

"ஏனுங்க, இதையும் மாட்டுங்க."

"பின்னுதான் போட்டாச்சே... வண்டி என்ன ஓடியா போயிரும்?"

"மாட்டுங்க."

மாட்டினார். கல்யாணமான ஆண்களுக்கு அந்தக் குரல் தெரியும்.

மேடு என்பதால் பாதித் தொட்டிதான் யூரியா. தொட்டியின் அடி அடைப்பை மூடியபடி கிளம்பி, வண்டி உருண்ட பிறகே திறந்தாள். அடடா! இருபுறமும் வெள்ளை வெள்ளையாய் மணிகள் பறந்தன. செல்வம் விசிலடித்தார். நான்... இந்த வயதில் துள்ளிக் குதித்தேன்!

மேட்டில் பாதி தூரம். ஒரு கல். டங்!

இரும்புப் பின் எகிறி விழுந்தது. கம்பி தரையில் இடித்தது. வண்டி பின்னோக்கிச் சரிந்தது... நேர் கீழே மாட்டுக் கொட்டகை. உள்ளே அவளுடைய கறவை மாடுகள்.

சங்கிலி விறைத்தது. வண்டி நின்றது!

சாந்தி பிரேக்கை அழுத்திப் பூட்டினாள். "பின்னால ஆரும் போகாதீங்க! பக்கத்துல நின்னு கல்லு வெய்யுங்க!"

செல்வம் ஓடிப்போய்ச் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்தார். நிமிர்ந்தவர் சட்டைப் பையைத் தொட்டார். முகம் வெளுத்தது.

"சாந்தி... கிளிப்பு என் பாக்கெட்டுல இருக்குது."

தீர்ந்தார் மனிதர் என்று நினைத்தேன். அவள் கொட்டகையைப் பார்த்தாள், சங்கிலியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"வண்டியில மாட்டாட்டியும் பாக்கெட்டுலயாச்சும் பத்திரமா வெச்சிருந்தீங்களே!"

அவ்வளவுதான். பயந்த பயமெல்லாம் சிரிப்பாக வெடித்தது. செல்வம் சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்தேவிட்டார்.

ஒன்றும் ஆகாத நாட்களில் சங்கிலி வெட்டிச் சுமைதான். ஆனால் எந்த நாள் ஒன்றும் ஆகாத நாள் என்று யார் நமக்கு முன்கூட்டியே சொல்கிறார்கள்?

இன்ஜினை அணைத்து, பின்னைச் செருகி, கிளிப்பையும் மாட்டி, செல்வம் அதை இழுத்து இழுத்துப் பார்த்தார். மிச்சக் காட்டை சாந்தி ராணி மாதிரி முடித்தாள். வீடியோ எடுக்கும் ஆசையில் நான் கொஞ்சம் கிட்டே போக... சடசடவென்று தலையில் யூரியா மழை!

"தள்ளி நில்லுங்கன்னு சொன்னனல்லங்ணா! போய் மொதல்ல தலையைக் கழுவுங்க!"

கழுவினேன் — கிடைத்த உரத்தை இழக்க என் வழுக்கைக்குத்தான் மனசே வரவில்லை.