பந்தில் போட்ட தாளம்

அக்காவின் சுருதிப் பெட்டி மேல் ஒரு டென்னிஸ் பந்து இருக்கிறது. ரோமமெல்லாம் உதிர்ந்து, வெளுத்து, வெயிலில் மறந்துவிட்ட எலுமிச்சை போல. பெரியப்பா மகள் அவள், மாநில சாம்பியன். தோள் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை ஆனபோது, விரல்களுக்குப் பலம் வர அதை அழுத்திக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர். சும்மா அழுத்த அலுப்பாக இருந்தது, பாடினாள். பாட்டு பிடித்துக்கொண்டது, டென்னிஸ் நின்றது. தாளம் போட அந்தக் கை எழவேயில்லை. தாளம் பந்துக்குள் போய்விட்டது.

பெரியப்பாவால்தான் தாங்க முடியவில்லை. விடியலில் ஸ்கூட்டரில் அவளை ஏற்றிப்போய், கிளப்பின் மண் மைதானத்தில் தானே தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டவர். போட்டி நடக்கும்போது கம்பி வேலியைப் பிடித்தபடி நிற்பார். பந்து ஓடிக்கொண்டிருக்கையில் யாராவது கைதட்டினால் போதும், "உஷ்! பாயிண்ட் முடியட்டும்ங்க!" பெரிய அதிகாரிகளையே அப்படி அடக்கியிருக்கிறார். அவள் பாட உட்கார்ந்தாலோ டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார். "கப்பு வாங்குன கைல ஜால்ரா தட்டப் போறியா? அந்த டென்னிஸ் ஷூவு இனிமே இன்னாத்துக்கு, தூக்கிப் போடு."

அக்கா சிரித்துவிட்டுப் போவாள். என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள்: "எத்தினி பேர் கேட்டா இன்னாடா? அப்பா கேக்கற வரைக்கும் எல்லாம் நெட்ல மாட்டுன பந்துதான்."

முதல் கச்சேரி மலையடிவாரத்தில், செங்கம் சாலையில், ஒரு விடுதி முற்றத்தில். மாலை வெயில் மலையின் தோளுக்கு ஏறியிருந்தது. பாய்களில் ஊர்க்காரர்களும் ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டவர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா வந்தார். உட்காரவில்லை. கடைசியில் போய் வேலியைப் பிடித்துக்கொண்டார். "ஆட்டோ கிடைக்கலன்னா நான்தானே இட்டுக்கினு போவணும்" என்றார் என்னிடம், நான் கேட்காமலே.

மேல் ஸ்தாயியில் அக்கா ஒரு ஸ்வரத்தில் நின்றாள். பந்து உள்ளங்கையில் நசுங்கியிருந்தது. கூட்டம் கைதட்டியது. கச்சேரியில் அது வழக்கம்தானே. பின்னாலிருந்து அந்தக் குரல் வெடித்தது:

"உஷ்! பாயிண்ட் முடியட்டும்ங்க!"

மிருதங்கக்காரர் சிரிப்பை விழுங்கினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இறங்கும்போது குரல் உடைந்தது. கோட்டோரம் விழும் பந்தை எட்டி எடுப்பது போல ஸ்வரத்தை எடுத்துவிட்டாள். பாட்டு முடிந்ததும் முதல் கைதட்டல் வேலிப் பக்கமிருந்து வந்தது.

பெரியப்பா இப்போது இல்லை. போன வாரம் அதே முற்றத்தில் பாடினாள். பாதிப் பாட்டில் அதே போலக் கைதட்டல். என் கண் வேலிக்குப் போனது. அவள் கண்ணும். அங்கே யாருமில்லை. சர்வீஸ் போடுமுன் நிற்பாளே, அப்படி நின்றது அவள் மூச்சு. கூட்டம் தானாக அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு பந்தை ஒருமுறை அழுத்தி, விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தாள்.