ஷோகேஸ்காரரும் சிஸ்டரும்

ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்குச் சட்டை மாட்டி விடுவதுதான் அவருடைய தொழில். ஊரில் எல்லோருக்கும் அவர் ஷோகேஸ்காரர். இது என்ன பெரிய வேலை என்று தோன்றும். பொம்மையின் கையைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் அது யாருக்கோ காத்திருக்கிறது. அதே கையை இறக்கி விட்டால் காத்திருந்து அலுத்துப் போயிருக்கிறது. இது அவருக்குத் தெரியும், கடை முதலாளிக்குத் தெரியாது. முதலாளி ஒருமுறை ஆசைப்பட்டுச் சிரிக்கிற பொம்மைகளாக வாங்கி இறக்கியபோது, வாரக்கணக்கில் முதலாளியோடு பேச்சுவார்த்தை இல்லை. பொம்மைகளின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தே அந்த மாதத்தை ஓட்டினார். வியாபாரம் என்னவோ நன்றாகத்தான் நடந்தது.

நாடக மன்றத்தார் அவரை மேடை அமைப்புக்கு நடுவராகக் கூப்பிட்டதும் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான். அந்த மன்றத்தில் சோக நாடகங்களுக்கு மட்டுமே போட்டி. சிரிப்பு நாடகத்துக்கு ஜனங்கள் சிரிப்பதே பரிசு, அதற்குமேல் என்ன என்பது செயலாளரின் கட்சி. நடிப்புக்கு ஒருவர், கதைக்கு ஒருவர், மேடைக்கு இவர் என்று மூன்று நடுவர்கள். நாடகம் முடிந்ததும் மூவரும் மேடையேறி, தாம் பார்த்ததைச் சபையறியச் சொல்ல வேண்டும். அதுவரை மேடையிலிருந்து ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தக் கூடாது.

முதல் வசனம் பேசுவதற்கு முன்னால் மேடை என்ன சொல்லுகிறது, இதுதான் அவர் பார்ப்பது. சோகம் என்றால் சுற்றிலும் கறுப்புத் துணி, சாவு என்றால் சிவப்பு விளக்கு, பிரிவு என்றால் இடி மின்னல் என்று வருகிறவர்களிடம் அவருக்கு ஈவிரக்கம் கிடையாது. துக்கம் வந்த வீட்டில் சுவர் கறுப்பாகிவிடுமா, அதே சுண்ணாம்பு தானே என்பார்.

கண் போக ஆரம்பித்தது ஓரங்களிலிருந்து. பகல் வெளிச்சத்தில் எப்படியோ சமாளித்தார். இருட்டு அரங்கில் உட்கார்ந்தால் மேடை ஒரு மஞ்சள் திட்டு, அவ்வளவுதான். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று டாக்டர் கையை விரித்தார். கடை வேலையை அவரே விட்டுவிட்டார். நடுவர் வேலையை விட மட்டும் மனசு வரவில்லை. ஷோகேஸ்காரர் என்ன சொல்லப் போகிறார் என்று ஒரு அரங்கமே காத்திருக்கும் அந்தச் சில நிமிஷங்களையும் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று அவருக்குப் பயம். பயம் என்று ஒத்துக்கொள்வாரா? இந்த ஒரு வருஷம் மட்டும் என்று மனைவியிடம் கெஞ்சினார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் அவரைக் கேலியாகச் சிஸ்டர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அதுவே பெயராக நின்றுவிட்டது. சோக நாடகத்துக்கு அவரைப் போல ஒரு மோசமான ரசிகை கிடைக்க மாட்டார். கதாநாயகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பேசிச் செத்தால், இவ்வளவு மூச்சு இருக்கிறவன் சாக மாட்டான் என்று முன்வரிசைக்குக் கேட்கும்படி முணுமுணுப்பார். அப்படிப்பட்டவரைத்தான் தன் கண்ணாக வந்து உட்காரச் சொன்னார் ஷோகேஸ்காரர்.

"ஊரை ஏமாத்த என்னையும் கூட்டு சேக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார் சிஸ்டர். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார்.

ஒரு டியூட்டி முடிந்து அடுத்த டியூட்டிக்காரரிடம் வார்டை ஒப்படைக்கிறபோது பேசுவார்களே, அந்தப் பேச்சில்தான் மேடையைச் சொன்னார். இடப்பக்கம் ஜன்னல், பாதி திறந்திருக்கு. நடுவில் மேஜை, ஒரு கால் ஆடுது. உணர்ச்சியும் கிடையாது, உப்புக் காரமும் கிடையாது. கிசுகிசுத்தால் பக்கத்தில் கேட்டுவிடும் என்கிற அமைதியான இடங்களுக்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். கையை ஒரு தடவை அழுத்தினால் மேடை பழையபடியே இருக்கிறது. இரண்டு தடவை அழுத்தினால் மாறிவிட்டது, அப்புறம் சொல்கிறேன். இதை வைத்துக்கொண்டே அந்த வருஷத்து நாடகங்களை ஒவ்வொன்றாகக் கடந்து, ஒருவருக்கும் சந்தேகம் வராமல் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை வந்துவிட்டார்கள்.

அன்றைக்கு அரங்க வாசலில் ஒரு பெண் அவர்களை வழிமறித்தாள். பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிக் கொடுக்கும் வேலை. அன்றைய நாடகத்துக்கு மேடை அமைத்தது அவள்தான், அதுவும் முதல் தடவை. 

"பரிசு வராட்டாலும் பரவால்ல சார். நீங்க என்ன பாத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார் ஷோகேஸ்காரர். சிஸ்டர் அவரைப் பார்த்த பார்வை அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருப்பார்.

ஒரு தச்சரும் நோயாளி மனைவியும் உள்ள கதை. முதல் பாதியை சிஸ்டர் வழக்கம்போல ஒப்பித்தார். ஒரே அறை, மூலையில் அடுப்பு, கொடியில் இரண்டு துண்டு, வலப்பக்கம் இரும்புக் கட்டில், அதில் அந்த அம்மா படுத்திருக்கு. நல்லா இருமுது, நிஜமாத்தான் இருக்கு என்று இலவசமாக ஒரு பாராட்டும் வந்தது. தச்சர் மனைவியைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதோடு திரை விழுந்தது.

திரை மறுபடி விலகியபோது ஒரு சத்தமும் இல்லை. ஒரே ஒரு ஆள் மெதுவாக நடந்து வரும் காலடி மட்டும் கேட்டது, தச்சர் தனியாகத்தான் திரும்பியிருக்கிறார். என்ன இருக்கு என்று முழங்கையால் லேசாக இடித்துக் கேட்டார் ஷோகேஸ்காரர். சிஸ்டர் அவருடைய கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினார். அழுத்திய பிடியை விடவே இல்லை. சரி, எல்லாம் பழையபடியே இருக்கிறது என்று இவர் எடுத்துக்கொண்டார். சுற்றிலும் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. நடிகர் நன்றாகச் செய்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தார்.

நாடகம் முடிந்து நடுவர்கள் மேடையேறியதும் முதலில் அவரைத்தான் பேசச் சொன்னார்கள். முதல் பாதியை வாயாரப் புகழ்ந்தார். பிறகு, நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, இரண்டாம் பாதியில் மேடை அசையவே இல்லை என்றார். மனைவி போன வீடு, மனைவி இருந்த வீடு மாதிரியே இருந்தால் எப்படி? துக்கத்தை முழுக்க நடிகர் தலையில் கட்டிவிட்டு மேடை சும்மா நின்றுவிட்டது. பத்துக்கு நான்கு.

அரங்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. பெயிண்ட் கடைப் பெண் மேடை ஓரத்திலிருந்து முன்னால் வந்தாள். கோபமாக வந்திருந்தாலாவது தேவலை. தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல வந்தாள்.

"சார், அந்த மெத்தைய நீங்க பாக்கலையா?"

எந்த மெத்தை என்று அவர் கேட்கவில்லை. ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். விளக்குப் போதவில்லை என்றால் யாரும் நம்பியிருப்பார்கள். ஆனால் அந்தக் குரல் மூங்கில் போல நேராக நின்றிருந்தால் மழுப்பியிருப்பாரோ என்னவோ, உடைந்து போன குரலிடம் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"பாக்கலைம்மா. எனக்குக் கண்ணு தெரியல. தெரியாமதான் இந்த வருஷம் முழுக்க மார்க் போட்டேன்."

செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரைக் கையமர்த்திவிட்டு, தான் போட்டதெல்லாம் செல்லாது, நடுவராக இருக்கத் தனக்கு யோக்கியதை இல்லை, மற்ற இரண்டு பேரும் பார்த்து முடிவு செய்யட்டும் என்றார் ஷோகேஸ்காரர். பிறகு அந்தப் பெண்ணிடம், மேடையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். அவள் அவர் கையைப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிப் போனாள்.

முதலில் கட்டிலின் இரும்புப் பின்னல் சில்லென்று கையில் பட்டது. மேலே ஒன்றுமே இல்லை. தலைமாட்டுப் பக்கம் போனால் மெத்தை இரண்டாக மடிந்து கிடந்தது, அதன்மேல் உறை கழற்றிய தலையணை. கீழே தரையில் ஒரு பாய் விரித்திருந்தது. தச்சர் படுத்த இடம் போலிருக்கிறது. அவ்வளவுதான் அவள் செய்திருந்தாள். ஷோகேஸ்காரர் தலையணையில் கை வைத்தபடி நின்றார். எத்தனையோ வருஷமாக இப்படி ஒன்றைப் பார்க்கத்தான் அந்த அரங்கத்துக்கு வந்துகொண்டிருந்தார். அது வந்தபோது பார்க்க முடியவில்லை. அவருக்கு அழுகை வந்தது, எல்லோர் முன்னாலும் அழுதார்.

அந்த வருஷத்து மேடைப் பரிசை மற்ற இரண்டு நடுவர்களும் அவளுக்கே கொடுத்தார்கள்.

இருவரும் பஸ் நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்தபோது இன்னும் வெயில் இருந்தது. தன்னால்தான் அவருக்கு இந்த அவமானம் என்று சிஸ்டர் நொந்துகொண்டார். அவமானமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, நெஞ்சிலிருந்து பாரம் இறங்கினாற்போல் இருக்கிறது என்றார் இவர். பிறகு, ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டார். சிஸ்டர் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"வார்டுல ஒருத்தர் போயிட்டா மெத்தைய அப்படித்தான் மடிச்சுப் போடுவோம், காத்தாட. எத்தனையோ மடிச்சிருக்கேன். மடிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த ஆளக் கொண்டு வந்துடுவாங்க, திரும்ப விரிச்சிடுவேன். அழறதுக்கு நேரமே கிடைச்சதில்ல. மடிச்சது மடிச்சபடியே இருந்தத இன்னிக்குத்தாங்க உக்காந்து பாத்தேன்."

துக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த சிஸ்டரிடம், இன்றைக்கு யார் போனார்கள் என்று அவர் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. சாப்பாடு ஆச்சா என்று கேட்டிருக்கிறார். சிரிக்கிற பொம்மைகளைப் பற்றி மணிக்கணக்காகப் புலம்பியிருக்கிறார். நன்றாகக் கண் தெரிந்த காலத்தில்கூட எதிரில் இருந்ததைப் பார்க்காமல் போனோமே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"முதல்ல மடிச்சது யாரோடது, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றார் சிஸ்டர்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு பேரையும் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். நீ சொல்லு, அடுத்ததில் போகலாம் என்றார் ஷோகேஸ்காரர். சிஸ்டர் சொல்ல ஆரம்பித்தார்.