பெண் பார்க்க வந்த அன்று தொடங்கிய ஆட்டம்

இன்று தென்காசிக் கடை ஒன்றில் புது வீடியோ கேமை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கன்ட்ரோலரை என் கையில் திணித்து, "வா, ஒரு கை பாத்துருவோம்" என்றார்.

நாற்பது வருஷப் பகை இது.

எண்பதுகளின் தொடக்கத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தார். துபாயிலிருந்து அண்ணன் கொண்டுவந்த டிவியில், சிக்னல் எட்டாததால், படம் சரியாகத் தெரியாது. கூட வந்த கேம் பெட்டி மட்டும் ஓடும். திரையில் இரண்டு கோடு, நடுவே ஒரு பந்து.

சொஜ்ஜி பஜ்ஜி முடிந்ததும் மாப்பிள்ளையை ஆடச் சொன்னார்கள். அவர் அம்மா என்னிடம், "நீயும் வந்து ஆடுட்டி" என்றார்.

இருவருக்கும் சமமான புள்ளி. கடைசிப் பந்து. கதவோரம் நின்ற என் அம்மா, விட்டுக்கொடு என்று கண்ணைக் காட்டினாள்.

நான் விடவில்லை.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். இவர் திரையையே பார்த்தபடி, "இன்னொரு ஆட்டம் போடுவமா?" என்றார். அதுதான் சம்மதம்.

சில வருஷத்தில் கேசட் சொருகும் பெட்டி வாங்கினார். விமானம் சுடும் ஆட்டம். அதிலும் தோற்றார். அந்தச் சீசன் முழுக்கக் குற்றாலத்தில் குளித்தும் சூடு தணியவில்லை.

இன்றுதான் முதல்முறையாக ஜெயித்தார். பஸ்ஸில் ஏறியதும், "வேணும்னே விட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் விடவில்லை. கட்டைவிரல்தான் இப்போது சொன்னபடி கேட்பதில்லை.

ஆமாம் என்றால் அவருக்கு ரோஷம் வரும். இல்லை என்றால் நான் தோற்றதாக ஆகிவிடும்.

நாங்கள் இறங்கும் இலத்தூர் வருவதற்குள் ஒரு பதில் சொல்லுங்கள்.