சுபைதாவுக்கு நட்ட நெட்டை மரம்

தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது என்னோடு வேலை பார்த்த சுபைதாவின் தம்பி போனில் அழைத்தார். "அக்கா மவுத்தாயிட்டாங்க, கலா. இன்னைக்கே அடக்கம்." மீன்காரர் பையை நீட்டியபடி நின்றார்.

மறுவாரம் சிராங்கூன் சாலையில் உள்ள எங்கள் மரம் நடும் நிறுவனத்தில் இரங்கல் கூட்டம். சுபைதா உயிரோடு இருந்தவரை அவரைச் 'சண்டைக்காரி' என்று சொல்லிவந்த நிர்வாகி, மேடையில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கண்ணில் ஈரமே இல்லை. முன்வரிசையில் இருந்த எனக்குத் தெரியாதா?

சுபைதாவை அறிந்த எல்லாருக்கும் அவர் வாய் தெரியும். எங்கள் மர நிபுணர் அவர்தான். விடுமுறை நாளிலும் புக்கித் தீமா காட்டுக்குள்தான் இருப்பார். ஒருமுறை என்னையும் இழுத்துப்போய் ஒரே இனத்து மரங்கள் இரண்டைக் காட்டினார். நெருக்கமான நிழலில் நின்றது ஒல்லியாக உயர்ந்திருந்தது. மேட்டில் காற்றடியில் நின்றது குட்டை. ஆனால் அடிமரம் பருத்து, வேர் பாறையைக் கவ்வியிருந்தது.

"இலை சமைக்கிறது ஒரு பானை சோறுதான், கலா. நிழல்ல நின்னா உயரத்துக்குப் போடும். தண்ணி இல்லன்னா வேருக்குப் போடும். காத்து ஆட்டினா தண்டுக்குப் போடும். எல்லாத்துக்கும் அள்ளிப்போட அது என்ன கல்யாண வீடா?"

இது நிர்வாகியின் மண்டையில் கடைசிவரை ஏறவில்லை. பூன் லேயில் ஒரு குடியிருப்புக்கு, திறப்பு விழாப் படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று, நெருக்கி வளர்த்த நெட்டை மரங்களாகப் பார்த்து வாங்கினார். நாலு பக்கமும் கம்பு நட்டு, "டைட்டா கட்டுங்க, அசையவே கூடாது" என்றார்.

"கீழ இறக்கி லூசா கட்டுங்க லா. ஆடினாத்தான் தண்டு தடிக்கும்" என்று சுபைதா கத்திப் பார்த்தார். அந்த வேலையிலிருந்தே அவரைத் தூக்கிவிட்டார்கள். கம்புகளை எடுத்த பிறகு வந்த முதல் புயல்மழையில் மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. நிர்வாகி காற்றைக் குறை சொன்னார். காற்றை விசாரிக்கக் குழு போடாததுதான் பாக்கி.

கூட்டம் முடிந்ததும் சுபைதாவின் நினைவாக வாசலில் மரம் நட்டார்கள். என்ன மரம்? அதே நெட்டை. அதே நாலு கம்பு. கழுத்துவரை இறுக்கிக் கட்டிய ரப்பர் பட்டை. அதன் காலடியில் பித்தளைத் தகட்டில் அவர் பெயர். வெட்கங்கெட்டவர்கள்! படம் எடுத்துக்கொண்டு பிரியாணிக்கு ஓடினார்கள். இதுவும் ஒருநாள் விழும், அவர் பெயரின் மேலேயே விழும் என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

நான் சாப்பிடப் போகவில்லை. பட்டைகளை அவிழ்த்து, மரம் நிமிர்ந்து நிற்கும் அளவுக்குக் கீழே இறக்கி, தளர்வாகக் கட்டினேன். காற்றில் உச்சி லேசாக அசைந்தது. நிர்வாகி தட்டோடு வெளியே வந்தார்.

"என்ன கலா, மரம் ஆடுது! யாரு லூஸ் பண்ணது?"

சுபைதாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய வாய் ஒன்றுதான். அதைத் திறந்தேன்.

"நான்தான். ஆடட்டும். இனி இதுல யாராச்சும் கை வச்சா, சுபைதாக்கா பேசினதுக்கு மேல நான் பேசுவேன்."