வாண்டாவின் அப்பா உட்கார்ந்த பலகை

வாண்டா சொப்சாக் ஊதினால் ஆற்றுக்கு அந்தக் கரை நாயெல்லாம் எழுந்து குரைக்கும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, போலந்துக்காரர்கள் வந்து குடியேறிய எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பகலெல்லாம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, "எந்த நம்பர் வேணும்ங்க?" என்று தேனாய்ப் பேசுகிறவள். சாயங்காலம் பியூகிளை, அந்தப் பித்தளை ஊதுகொம்பை, கையில் எடுத்துவிட்டால் ஆளே வேறு. பின்னாளில் பஸ் ஓட்டுகிற ஒருவனைக் கட்டிக்கொண்டு, மூன்று பிள்ளை பெற்று, கோவில் பஜாரில் பியரோகிக் கொழுக்கட்டை விற்று எல்லாரையும் போலத்தான் வாழ்ந்தாள். ஆனால் மாநிலப் போட்டி நடந்த அந்த ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை அவளுக்கு வாய்த்தது வேறு யாருக்கும் வாய்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

புனித ஹெட்விக் கோவிலின் பெண்கள் பியூகிள் படையில், டிரம்மும் பியூகிளுமாக அணிவகுத்து ஊதிப் போகும் குழுவில், பதினோரு வயதில் சேர்ந்தவள் அவள். சிவப்புக் கோட்டு, வெள்ளை பூட்ஸ், தலையில் இறகு வைத்த தொப்பி. சத்தம் என்றால் இன்றைக்கு இருக்கிறவர்களுக்கு ஒலிபெருக்கிதான் தெரியும். மைக்கும் கிடையாது, ஒயரும் கிடையாது. கொல்லர் தெருவிலும் கசாப்புக்கடைச் சந்திலும் பிறந்த பெண்கள் ஒரே வரிசையாகத் திரும்பி, ஒரே மூச்சில் நம் முகத்துக்கு நேரே ஊதுவார்கள். சட்டைப் பொத்தான் அதிரும். பல் கூசும். அடேயப்பா, அதை என்னவென்று சொல்ல!

ஊரே கேட்ட அந்தச் சத்தத்தைக் கேட்காதவர் ஒரே ஒருவர், வாண்டாவின் அப்பா ஜிக்மண்ட். பாய்லர் பட்டறையில், இரும்புக் கொப்பரைக்குள் உட்கார்ந்து, வெளியே சம்மட்டி அடிக்க அடிக்க உள்ளே ரிவெட் ஆணியைப் பிடித்துப் பிடித்தே இரண்டு காதும் போய்விட்டது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தன் குரலே கேட்காததால் சாப்பாட்டு மேஜையில் உப்பு கேட்டால்கூடத் தெருமுனை வரைக்கும் கேட்கும். மகள் நிலவறையில் பயிற்சி செய்யும்போது அக்கம்பக்கத்தில் ஆளாளுக்குக் கத்துவார்கள். அவர் மட்டும் நிம்மதியாகப் பேப்பர் படிப்பார். போட்டி பார்க்க ஒருநாளும் வந்ததில்லை.

"நான் வந்து என்ன பண்ணப் போறேன்? நீங்கல்லாம் கன்னத்தை உப்பிக்கிட்டுப் போறதைப் பார்க்கணுமா? அதுக்கு வீட்டுல மீன் தொட்டி வச்சாப் போதாதா?" என்பார்.

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். வாண்டாவுக்குத்தான் சிரிப்பு வராது.

படையின் விதி, இருபத்தொரு வயதானால் வெளியே. அந்த நவம்பரில் அவளுக்கு இருபத்தொன்று. அதற்குள் அப்பா ஒரே ஒரு தடவையாவது தன் பியூகிளைக் கேட்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. கோப்பை கீப்பையெல்லாம் அப்புறம். கேட்காத காது எப்படிக் கேட்கும்? அதற்கும் அவள் வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். சரக்கு ரயில் வரும்போது மேஜைமேல் கை வைத்திருக்கும் அப்பா, மற்றவர்கள் காதில் விழுமுன்னே "ரயில் வருது" என்பார். மாநிலப் போட்டி நடக்கும் கால்பந்து மைதானத்தில் பார்வையாளர் படிக்கட்டெல்லாம் மரப்பலகை. நடுக்கோட்டுக்கு நேரே படை முழுக்க வந்து நின்று ஊதும்போது பலகை நடுங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"வாங்கப்பா. இதுதான் கடைசி. நட்டநடுவுல உட்காருங்க. ரெண்டு கையையும் பலகைமேல வச்சுக்குங்க. எனக்காக" என்றாள், உதட்டை நிறுத்தி நிறுத்தி அசைத்து.

"சரி, சரி, அழாதே. வரேன்!" என்று அவர் கத்தியது எதிர்வீட்டுக்காரிக்கும் கேட்டது.

போட்டிக்கு முன்னால் பரிசோதனை ஒன்று உண்டு. நடுவர்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பூட்ஸ், பொத்தான், பியூகிளின் பளபளப்பு எல்லாவற்றையும் நோண்டுவார்கள். பித்தளையில் ஒரு விரல் ரேகை இருந்தாலும் மதிப்பெண் போச்சு. அதனால் பெண்கள் கடைசி நிமிடத்தில் உதட்டில் வைக்கும் மவுத்பீஸைக் கழற்றித் துடைத்து, ரேகை படாமல் சும்மா செருகி வைப்பார்கள். நடுவர் நகர்ந்ததும் ஒரு திருகு திருகி இறுக்கிக்கொள்ள வேண்டும். அந்த நேரம் பார்த்து வாண்டா படிக்கட்டில் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். நடுவில், சொன்ன இடத்தில், ஞாயிறு பூசைக்குப் போடும் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். பூரித்துப்போய்விட்டாள். திருக மறந்தாள்.

போட்டி தொடங்கும் துப்பாக்கி வெடித்தது. படை கிளம்பியது. முதல் திருப்பத்தில் எல்லாரும் சட்டென்று பியூகிளை உயர்த்த, வாண்டாவின் மவுத்பீஸ் பறந்து புல்லில் விழுந்தது.

பயிற்சியாளர் ஃப்ராங்க் டுடெக், வாரநாளில் தபால்காரர், இதைத் தலையில் அடித்து அடித்துச் சொல்லியிருந்தார்: "கீழ விழுந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது புள்ளைங்களா! விழுந்ததுக்கு நடுவர் கொஞ்சம் மார்க்தான் வெட்டுவான். வரிசை கலைஞ்சுதோ, தலையையே வெட்டிடுவான்!" வாண்டா குனியவில்லை. சத்தம் வராத வெறும் பியூகிளை உதட்டோடு வைத்து, கன்னத்தை உப்பி, காலை மாற்றாமல் நடந்தாள். இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தானா? அப்பா வந்து உட்கார்ந்திருக்கிற இன்றைக்கா நான் ஊமைப் பொம்மையாக நடக்க வேண்டும்? கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைக்கவும் கூடாது.

அப்போதுதான் அது அவள் காதில் விழுந்தது.

ஊதுகிறவளுக்குத் தன் பியூகிள்தான் கேட்கும், மிஞ்சிப்போனால் பக்கத்துப் பெண்ணுடையது. இத்தனை வருஷமும் வாண்டா தன் படையைக் கேட்டதே இல்லை. இன்றைக்கு, அதன் நட்டநடுவில், வாய் ஓய்ந்து நடக்கும்போது கேட்டாள். முதுகுக்குப் பின்னாலிருந்து கனத்த பியூகிள்கள் முதுகெலும்பைப் பிடித்து உலுக்கின. இடமும் வலமும் உச்ச ஸ்தாயி கூரையில்லாத வானத்தைப் பிளந்துகொண்டு போனது. சைடு டிரம் பூட்ஸின் அடியில் புகுந்து முழங்காலில் ஏறியது. கசாப்புக்காரன் பெண், பேக்கரிக்காரன் பெண், கணக்கில் தோற்ற ரீட்டா... இவர்களா? மாதாவே, இவர்களிடமிருந்தா இது வருகிறது? அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மண்டியிடலாம் போலிருந்தது. நல்லவேளை, கால் அதுபாட்டுக்கு நடந்தது.

படை ஒரே நீள வரிசையாகப் படிக்கட்டை நோக்கி வந்து, நடுக்கோட்டுக்கு எதிரே நின்று, முழு மூச்சையும் கொட்டியது. வாண்டா நேரே பார்த்தாள். அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். இரண்டு உள்ளங்கையும் பலகைமேல் பதிந்திருந்தன. வாய் திறந்திருந்தது. மெல்ல ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். பிறகு சுற்றிலும் எல்லாரும் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் எழுந்து நின்றார்.

மூன்றாம் இடம்தான் கிடைத்தது. டுடெக் வாண்டாவைப் பிடித்துக்கொண்டார். "ஒரு திருகு, ஒரே ஒரு திருகு! முத்திரை குத்தாம தபாலை அனுப்பின மாதிரி பண்ணிட்டியே!" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பஸ்ஸுக்குப் பக்கத்தில் படை முழுக்க நின்றிருந்தது. ஜிக்மண்ட் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"கேட்டுச்சு வாண்டா!" மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். "எல்லாம் கேட்டுச்சு! கை வழியா வந்துச்சு, இங்க வந்து இடிச்சுச்சு! பட்டறையில முப்பது வருஷம் இடி வாங்கினேன், இப்படி ஒண்ணு வாங்கினதில்லை!" நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "அதுல ஒண்ணு மட்டும் தனியா வந்துச்சும்மா. மேல, மெல்லிசா, ஆனா விடாம. அது நீதான். அப்பனுக்குத் தெரியாதா? நீதானே?"

பெண்கள் அத்தனை பேரும் அவள் ஒரு சுரம்கூட ஊதவில்லை என்று அறிந்தவர்கள். வாய்த்துடுக்குக்குப் பேர்போன ரீட்டாகூட வாண்டாவைத்தான் பார்த்தாள்.

வாண்டா அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று, அவருக்குப் புரியும்படி உதட்டை நிறுத்தி அசைத்தாள்.

"ஆமாப்பா. நான்தான்."

"ஆமா மாமா, அவதான்!" என்றாள் ரீட்டா, அவர் பார்க்கும்படி முன்னால் வந்து. அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் எல்லாரும்.

ஜிக்மண்ட் ஒவ்வொரு வாயாகப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே அழுதார்.