கலியாணத்தில் மணத்த பெரிய வெள்ளி

எங்கள் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு சென்ற் போத்தல் இருக்கிறது. சதுரமான தோள், தடித்த கண்ணாடி, கண்ணாடியாலேயே ஒரு மூடி. முகப்பில் ஒட்டியிருந்த கடதாசியில் மூன்று எழுத்துகள்தான் மிச்சம். உள்ளே இருக்கும் வாசனைத் தைலம் இப்போது தேயிலைச் சாயத்தின் நிறம். கைக்கு வந்த நாளில் வைக்கோல் நிறமாக இருந்தது.

துறைமுகத்தில் கப்பலுக்கு ஏறுவதையும் இறங்குவதையும் எண்ணுவதே என் வேலையாக இருந்தது. மூடை, பெட்டி, பீப்பாய். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு வேறொன்றும் அகப்படாமல் வீட்டில் உள்ளவற்றை எண்ணிக்கொண்டிருக்கிறேன். தேங்காய், கதிரை, முற்றத்தில் விழும் மாம்பிஞ்சு. "என்னையும் ஒருநாள் எண்ணிப் பாருங்கோ, ஒண்டே ஒண்டுதான் இருக்கிறன்" என்று மனைவி சொல்வாள்.

அந்தப் போத்தலும் துறைமுகத்தில்தான் கிடைத்தது. கோதுமை கொண்டு வந்த கப்பலின் சமையற்காரன் அதைத் தன் காதலிக்கென்று வாங்கி வைத்திருந்தானாம். அவள் இப்போது வேறொருவனின் மனைவி என்று சொல்லிச் சிரித்தான். ஒரு கூடை கருவாடும் நாலு அன்னாசியும் கொடுத்து மாற்றிக்கொண்டேன். அடுத்த கிழமை எனக்குக் கலியாணம். மனைவியின் தம்பிக்கு அப்போது பள்ளிக்கூட வயது. கதையைக் கேட்டுவிட்டு அவன் அதற்கு வைத்த பெயர் 'கருவாட்டு சென்ற்'. இன்று உப்புவெளியில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதி நடத்துகிறான், தலையில் ஒரு கறுப்பு மயிர் இல்லை, அந்தப் பெயரை மட்டும் இன்னும் விடவில்லை.

மனைவி அதை ஒருநாளும் வீணாகப் பூசியதில்லை. கலியாணத்தன்று பூசினாள். பிள்ளைகள் இருவரின் ஞானஸ்நானத்துக்கும் பூசினாள். மற்றபடி அது ஆண்டவருக்கு. எங்கள் கோயிலில் பெரிய வெள்ளி பின்னேரம் மரித்த ஆண்டவரின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கித் தூம்பா என்கிற சவப்பேழையில் கிடத்துவார்கள். சனம் மெழுகுதிரி, பூ, சென்ற் போத்தல் என்று ஆளுக்கொன்றோடு வரிசையில் வந்து கும்பிட்டுப் பாதத்தில் தெளிக்கும். பிறகு அந்தப் பாதத்தில் ஒரு துண்டு பஞ்சை ஒற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பஞ்சு செபப்புத்தகத்துக்குள்ளும் சேலை மடிப்புக்குள்ளும் வருடம் முழுவதும் இருக்கும். மனைவி விடுவது மூன்றே துளி. ஆனால் நூறு போத்தல் மணத்துக்கு நடுவிலும் அந்த மூன்று துளிதான் பஞ்சில் நிலைக்கும். மற்றவை எல்லாம் உயிர்த்த ஞாயிறுக்கு முன்னமே போய்விடும்.

ஏன் அப்படி என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். இந்தக் காலத்து சென்ற் வகைகள் வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடும். பிறகு சொல்ல ஒன்றும் இராது. இது அப்படியில்லை. முதலில் எலுமிச்சைத் தோலைக் கீறியது போல ஒன்று வரும். அது போன பிறகு மல்லிகை. மல்லிகைக்குப் பின்னால் ரோசா, அவசரமில்லாமல். எல்லாம் அடங்கிய பிறகு அடியில் ஒரு மரப்பெட்டியின் மணம் கிடக்கும். கலியாணத்தன்று விடியப் பூசியது, இரவு விருந்தாளிகள் போன பிறகும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. சண்டையில் இடம்பெயர்ந்த காலத்தில் சீனி போடும் தகரப் பேணிக்குள் வைத்து முகாமுக்குக் கொண்டுபோனோம். திரும்பி வந்தபோது பேணிக்குள் போட்ட சீனியும் தேத்தண்ணியும்கூட அந்த மணம்தான்.

நாலு வருடத்துக்கு முன்பு மூடி இறுகிவிட்டது. நான்தான் ஆவியாகிப் போய்விடும் என்று பயந்து அமுக்கினேன் என்பது மனைவியின் கட்சி. உப்புக் காற்று என்பது என் கட்சி. எப்படியோ, நாலு பெரிய வெள்ளிக்கு அவள் வெறும் பூவோடுதான் போனாள். ரொறன்ரோவில் இருக்கும் மகள் அதே பெயரில் இப்போது வருகிற போத்தலைத் தேடி அனுப்பினாள். மனைவி முகர்ந்து பார்த்தாள். "பேர் அதேதான். ஆள் வேற" என்றாள்.

இந்த ஆவணியில் எங்கள் கலியாணப் பொன்விழா. கோயிலில் பூசை, பூசைக்கு நடுவில் கைகோத்து வாக்குக் கொடுக்க வேண்டும். சேலை எது, சாப்பாடு எது என்று நான் கேட்டபோது மனைவி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"அண்டைக்கு எப்பிடி மணத்தனானோ அப்பிடியே கோயிலுக்குள்ள வரவேணும். உந்தப் போத்தலைத் திறந்து தாருங்கோ."

"மூடி உடைஞ்சால்? உள்ள இருக்கிறது பழுதாகியிருந்தால்?"

"நீங்கள் திறவுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

ஐம்பது வருடத்தில் அவள் என்னிடம் பெரிதாக ஒன்றும் கேட்டதில்லை. ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன நேரத்திலிருந்து எனக்கு நித்திரை இல்லை. போத்தலின் அடியில் ஒரு விரல் அகலம்தான் மிச்சம் இருந்தது. உடைந்தால் அதோடு சரி.

விழாவுக்கு முதல்நாள் மனைவியின் தம்பி, என் மச்சான், வந்தான். கச்சான் காற்று பாலையூற்றுப் புழுதி முழுவதையும் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. அவன் கையில் பொன்னிறப் பெட்டியில் புத்தம் புதிய சென்ற்.

"அக்கா, இதைப் பூசுங்கோ. கப்பல்காரனைப் பேய்க்காட்டி வாங்கினதில்லை, கடையில வாங்கினது."

"வை அதில" என்றாள் மனைவி.

"அத்தான், அந்தக் கருவாட்டைச் சுத்தியலால ஒரு தட்டுத் தட்டினால் திறபடும்."

"உன்ர மண்டையில தட்டு, அதுவும் திறபடட்டும்" என்றேன்.

எனக்குப் பள்ளிக்கூட இரசாயன அறை ஞாபகம் வந்திருந்தது. இறுகிய அமிலப் போத்தல்களின் கழுத்தில் ஆசிரியர் ஒரு நூலைச் சுற்றி இங்கும் அங்கும் வேகமாக இழுப்பார். உரசிய சூட்டில் கழுத்து சற்று விரியும், மூடிக்குச் சூடு எட்டுமுன் திருப்பிவிடவேண்டும். குசினி மேசையில் போத்தலைத் துவாயால் சுற்றி மச்சானைப் பிடிக்கச் சொன்னேன். தடித்த பருத்தி நூலைக் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி ஒரு முனையை மனைவியிடம் கொடுத்தேன், மறுமுனை என்னிடம். அவள் இழுக்க நான் விட்டேன். நான் இழுக்க அவள் விட்டாள்.

"ஐம்பது வருஷமா நடக்கிறதுதானே, உங்களுக்கு என்ன புதுசு" என்று மச்சான் சிரித்தான்.

"நீ போத்தலை ஆட்டாத!"

"முப்பத்தொண்டு, முப்பத்திரண்டு..."

"எண்ணாதேங்கோ! எனக்கு மூச்சு வாங்குது, அதில உங்கட கணக்கு வேற!"

எண்ணுவதை நிறுத்தினேன். சிறிது நேரத்தில் நூலிலிருந்து கருகல் மணம் வந்தது. மனைவி நூலை விட்டுவிட்டு மூடியை இரண்டு விரலால் பிடித்தாள். ஒரு சின்னக் கிரீச். மூடி அவள் கையில், முழுதாக. மச்சான்கூடக் கை தட்டினான்.

பிறகு முகர்ந்தோம்.

வாணிஷ். கதவுக்குப் பூசுகிற வாணிஷேதான், புளித்துப்போன வாணிஷ். மச்சான் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனான். "அக்கா, கருவாடு செத்துப்போச்சு." மனைவி மூடியைத் திரும்ப வைத்தாள், அமுக்காமல். அன்று இரவு அவள் என்னோடு கதைத்தது சாப்பிட வாருங்கோ என்பது மட்டும்தான்.

காலையில் பட்டுச்சேலை உடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன் நின்றாள். மேசையில் இரண்டு போத்தலும் இருந்தன. நான் வாசலில் நின்று, பொன்னிறப் பெட்டியை எடுத்தால் எடுக்கட்டும், ஒன்றும் சொல்லக்கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் பழையதை எடுத்தாள். மணிக்கட்டுகளில் ஒவ்வொரு துளி, காதுக்குப் பின்னால் ஒரு துளி.

"வாணிஷ் மணக்குமே" என்றேன்.

"மணத்தால் மணக்கட்டும். இதோடதான் உங்களிட்ட வந்தனான்."

ஓட்டோவில் ஏறிக் கொஞ்சத் தூரம் போனதும் ஓட்டோக்காரத் தம்பி திரும்பிப் பார்த்தார். "ஐயா, கலியாண நாளுக்கு வீட்டுக்குப் பெயின்ற் அடிச்சனீங்களோ?" மனைவி கடலைப் பார்த்தபடி இருந்தாள். எனக்கு ஓட்டோவிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

கோயிலுக்குள் நல்ல வெக்கை. எட்டு மின்விசிறியில் ஐந்துதான் சுற்றின. பிரசங்கம் முடிந்ததும் பங்குச் சுவாமி எங்களை முன்னால் கூப்பிட்டு வலக்கையைக் கோக்கச் சொன்னார். அவள் கை வியர்த்துச் சூடாக இருந்தது. கோத்த கையைச் சுவாமி ஆசீர்வதிக்க உயர்த்தியபோது அவள் மணிக்கட்டு என் மூக்குக்குக் கிட்ட வந்தது.

மல்லிகை.

வாணிஷ் போய்விட்டது. கெட்டுப்போனது மேல்தட்டு மட்டும்தான், அந்த எலுமிச்சைக் கீறல். அது ஓட்டோவிலேயே ஆவியாகி முடிந்திருக்கிறது. அதற்குக் கீழே மல்லிகை அப்படியே இருந்தது, மல்லிகைக்குப் பின்னால் ரோசா, அதே அவசரமில்லாத ரோசா. முன்னிலும் தடிப்பாக, தேன் கலந்தது போல. சுவாமி கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. முகர்ந்துகொண்டு நின்றேன். மனைவி என் உள்ளங்கையைக் கிள்ளினாள்.

"ஓம்" என்றேன், கோயில் முழுவதும் கேட்க. சனம் சிரித்தது.

நாங்கள் திரும்பி வந்து முன் வாங்குப் பலகையில் அமர்ந்த பிறகு மணம் இன்னும் எழும்பியது. வேலை செய்த மின்விசிறிகள் அதை எடுத்துக்கொண்டு பின்னால் போயின. முதலில் இரண்டாவது வாங்கில் தலைகள் நிமிர்ந்தன. அங்கே கண் தெரியாத ஒரு வயோதிப மாது இருந்தார், எங்கள் கோயிலில் முன்பு தூம்பாவுக்கு முன்னால் ஒப்பாரி பாடியவர். அவர் சட்டென்று முழந்தாளிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு உரத்த குரலில் கேட்டார்:

"பிள்ளையள், இண்டைக்குப் பெரிய வெள்ளியோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

"இல்லையம்மா, கலியாணம்" என்றார் பக்கத்தில் இருந்த பெண்.

"அப்ப ஏன் ஆண்டவற்ற பாதம் மணக்குது?"

கோயில் சிரிப்பில் குலுங்கியது. சுவாமியும் பீடத்தில் நின்று சிரித்தார். ஆனால் சிரித்தவர்களில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்தார்கள். எல்லோர் வீட்டுப் பஞ்சிலும் இருந்த மணம் அது. நாலு வருடமாக எங்கே போனது என்று தெரியாமல் இருந்திருக்கிறார்கள். நான் திரும்பி மச்சானைப் பார்த்தேன். அவன் வேண்டுமென்றே கூரையைப் பார்த்தான். என் வாழ்நாளில் நான் இத்தனை நிமிர்ந்து இருந்ததில்லை. எந்தக் கப்பலும் எனக்கு இந்தப் பெருமையைத் தரவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால் வாசல் வளைவில் கட்டிய பூவை, ஊருக்குள் திரியும் புள்ளிமான் ஒன்று நின்று தின்றுகொண்டிருந்தது. அதைத் துரத்த ஒருவரும் இல்லை, எல்லோரும் மனைவியைச் சுற்றி நின்றார்கள். ஒரு துளி தா, கைக்குட்டையில் ஒரு பொட்டு என்று. மகாராணி போல அவள் தலையை ஆட்டினாள்.

"பெரிய வெள்ளிக்கு வாங்கோ. போத்தலோட வருவன்."

கடைசியாக மச்சான் வந்தான். கைக்குட்டையை நீட்டினான்.

"அக்கா, எனக்கு மட்டும்."

"உனக்கேன்ரா கருவாடு? பொன் பெட்டி இருக்கெல்லே."

"அதை விடுதிக் குளியலறையில வைக்கிறன். தாங்கோ அக்கா, அம்மாட சேலை மாதிரி மணக்குது."

அதற்குமேல் அவளால் மறுக்க ஏலவில்லை. கைக்குட்டையை வாங்கித் தன் மணிக்கட்டில் அழுத்தி எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான், பஞ்சை வைப்பது போல.

வீட்டுக்கு வந்ததும், மனைவி சேலை மாற்றி முடிக்குமுன், போத்தலை வெளிச்சத்தில் பிடித்து ஒரு நெருப்புக்குச்சியைப் பக்கத்தில் வைத்து அளந்தேன். வருடத்துக்கு மூன்று துளி. கணக்குப் போட்டேன், பிழையோ என்று திரும்பவும் போட்டேன்.

"இஞ்சேர், எங்கள் ரெண்டு பேரையும்விட இது கூடக் காலம் இருக்கும்" என்று அறைக்குள் கேட்கச் சொன்னேன்.

"அப்ப மூடியை அமுக்காமல் வையுங்கோ" என்றாள்.

வைத்தேன்.